கதவிடுக்கில் ஒரு மலை

இரண்டு கட்டைவிரல்களும் காலையிலேயே மக்கர் செய்தன. டீ கிளாஸைப் பிடிக்கக்கூட மடங்கவில்லை. மூட்டுக்குள் யாரோ மணலைக் கொட்டி வைத்ததுபோல நறநறவென்று ஒரு வலி. வேறு வழியில்லாமல் கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்தாள்.

“என்ன பசை, டீக்கே கும்பிடு போட ஆரம்பிச்சுட்ட?” என்றார் பக்கத்துக் கடைப் பஞ்சர்காரர்.

“டீயை இல்ல மாமா, என் விரலைக் கும்பிடறேன். எவ்வளவு கெஞ்சினாலும் மசிய மாட்டேங்குது.”

தெருவில் எல்லோரும் அவளைப் பசை என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ், வேன், லாரி எது வந்தாலும் கதவைச் சுற்றியும் கண்ணாடியைச் சுற்றியும் ரப்பர் வைப்பது அவள் தொழில். கையில் எந்நேரமும் பசை ஒட்டியிருக்கும். சாப்பிட உட்காரும்முன் மண்ணெண்ணெயில் ஒரு கழுவு, சோப்பில் ஒரு கழுவு. அப்படியும் போகாது. ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்தான் தகரத்தில் உட்கார வைக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு விரலைக் கொடுத்தாயிற்று. அதைச் சொல்லி யாரிடமும் அவள் அழுததில்லை.

அன்று பட்டறை வாசலில் நின்றது அவளுடைய அண்ணனின் லாரி. மூக்கு நீண்ட பழங்கால வண்டி. இப்போது வருகிற லாரிகளுக்கு மூக்கே கிடையாது, சுவரில் போய் இடித்துக்கொண்ட முகம்போலத் தட்டையாக இருக்கின்றன. இதற்கோ உருண்ட முகப்பு, மேல்பக்கம் வளைந்த கதவுகள், இரும்பை இரும்பாகவே போட்டுச் செய்த உடம்பு. செய்த கம்பெனிக்காரனே இதை மறந்துவிட்டான். உதிரி பாகம் என்று போய்க் கேட்டால் சிரிக்கிறார்கள்.

மலையை வெடி வைத்துப் பிளந்து அரைக்கிற கிரஷரிலிருந்து கல்மாவு ஏற்றி வருவது அண்ணனின் வேலை. வாலிபம் தொட்டு இதே வண்டி, ஏதாவது ஒரு தூசி லோடு. போன மாதம் இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே ஒரு சிட்டிகைத் தூசிகூட உள்ள போகக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அண்ணி வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “வண்டியை வித்துடுங்க” என்றாள். “வண்டியை வித்துட்டுத் தின்னுட்டுத் தூங்கறதுக்கு மூச்சு ஒரு கேடா?” என்றான் அண்ணன். இரண்டு பேரும் இரண்டு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

நடுவில் புகுந்து வாயைக் கொடுத்தது பசைதான். “கதவு ரப்பரெல்லாம் செத்துப்போயிருக்கு. மாத்திப் பார்ப்போம். தூசி வராதுன்னா ஓட்டட்டும், வந்தா வித்துடலாம்.” சொன்ன பிறகுதான் அது தன் தலையில் வந்து விடிந்திருப்பது அவளுக்கு உறைத்தது. அண்ணனின் வண்டியும் அண்ணனின் மூச்சும் இப்போது அவள் வைக்கப்போகிற ரப்பரில் தொங்கின.

டீ கிளாஸை வைத்துவிட்டு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பழைய ரப்பர் காய்ந்த மரப்பட்டைபோல விறைத்து, வெடித்து, தொட்ட இடத்தில் பொடிந்தது. பிளேடைக் கொடுத்து நெம்பினாள். கீழ்மூலையில் ஒரு முழ நீளத்துக்குப் பட்டென்று கழன்று வந்தது.

அதற்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துக் கை நின்றது.

தகரத்தின் மடிப்பில் தூசி கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரே தூசியாக இல்லை. கோடு கோடாக, ஒன்றின்மேல் ஒன்றாக. அடியில் கறுப்பு, அதற்கு மேல் செங்கல் நிறம், பிறகு பால் வெள்ளை, பிறகு மங்கின மஞ்சள், மேலே கனமாகச் சாம்பல் நிறம். பாறையை வெட்டினால் தெரிகிற அடுக்குகள் மாதிரி, ஆனால் விரல் கனத்துக்குள். எத்தனையோ வண்டிகளின் ரப்பரைப் பிய்த்திருக்கிறாள். அழுக்கு பார்த்திருக்கிறாள், துரு பார்த்திருக்கிறாள், ஒருமுறை எலிக்குஞ்சுகூடப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு ஆயுசு வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததில்லை.

“அண்ணே, இங்க வாயேன்.”

அண்ணன் குனிந்து பார்த்தான். பிறகு அடிக்கோட்டை நகத்தால் சுரண்டினான்.

“இது கரி. முதல்முதல்ல வண்டி எடுத்தப்ப கரிதான் அடிச்சேன். இந்தச் சிவப்பு செங்கல் சூளை. நீ சடை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போன காலம்.”

“இந்த வெள்ளை?”

“சுண்ணாம்பு. உன் கல்யாணத்துக்கு முன்னாடி. எவனும் போக மாட்டான், கண்ணு எரியும்னு. நான் போனேன்.” அதை அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மஞ்சளுக்குத் தாவினான். “இது மாவு மில்லு லோடு. அந்த வருஷம் நான் இருமினா ரொட்டி சுட்டிருக்கலாம்.”

பஞ்சர்காரர் டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “அடேங்கப்பா! மேலே இருக்கிற சாம்பல் கலரு?”

“அதுதான் மலை” என்றான் அண்ணன்.

மூன்று பேரும் கதவிடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் அண்ணி வந்தாள். தார்ப்பாய் தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. முந்தானையில் எப்போதும் ஒரு கோணி ஊசி குத்தியிருக்கும். கூட்டத்தை விலக்கிப் பார்த்தாள். விரலால் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகத் தடவினாள்.

“இது வெளியிலேயே நின்னுக்கிட்டது” என்றாள். “உள்ள போனது எங்க?”

அவள் புருஷனின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கொண்டுவந்த கூடையிலிருந்து உடைந்த குடை ஒன்றை எடுத்தாள். கம்பியெல்லாம் கழற்றி, கறுப்புத் துணியை மட்டும் உதறி விரித்தாள். “இதை சீட்டுல போடறேன். கிரஷருக்குப் போய் லோடு ஏத்திக்கிட்டுத் திரும்பட்டும். துணி கறுப்பா வந்தா வண்டி உங்களுது. வெள்ளை தெரிஞ்சா என்னுது, நான் வித்துக்குவேன். சம்மதமா?”

“சம்மதம்” என்றான் அண்ணன்.

“வாய்ச்சொல்லா?”

“வாய்ச்சொல்லுதான். வேற என்ன, பத்திரமா எழுதித் தரணும்?”

அண்ணி கேபினுக்குள் ஏறி, குடைத்துணியைச் சீட்டோடு சேர்த்து நாலு பக்கமும் தைக்க ஆரம்பித்தாள்.

“எதுக்கு அண்ணி தைக்கறீங்க? விரிச்சாப் போதாதா?”

“உங்க அண்ணன் வழியில நிறுத்தி உதறிட்டு வந்துடுவாரு. நான் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆச்சு, நீ அவர் கூடப் பொறந்தவ மட்டும்தானே.”

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த யோசனை அவனுக்கு இருந்திருக்கும்.

பசை வேலையை முடித்தாள். அடுக்குகளைச் சுரண்டும்போது மனசு வரவில்லை, ஆனாலும் சுரண்டினாள். துருவைத் தேய்த்தாள், பெயின்ட் அடித்துக் காயவிட்டாள். இந்த வண்டிக்கென்று செய்த ரப்பர் உலகத்தில் எங்கும் இல்லை. பஸ்ஸின் சாமான் அறைக் கதவுக்கு வருகிற ரப்பர், நடுவில் குழாய்போல ஓட்டையும் ஓரத்தில் ஒரு நாக்கும் உள்ளது, ஏறக்குறையப் பொருந்தியது. பசை தடவி, மேல் வளைவில் தொடங்கி, ஒரு கையால் இழுத்துப் பிடித்து மறு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். பெடல் வரும் ஓட்டைகளையும் பழைய டியூபை வெட்டி மூடினாள். காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தாள். எந்த இடத்திலும் காகிதம் நழுவவில்லை. மறுநாள் வெயிலில் வண்டி காய்ந்தது. அதற்கடுத்த நாள் காலையில் அண்ணன் கிளம்பினான்.

மதியம் திரும்பி வந்தபோது அண்ணி முன்னாலேயே காத்திருந்தாள். கதவைத் திறந்தாள். குடைத்துணியின் நடுப்பகுதி கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கதவின் மூலைகளுக்கு நேராக, பவுடர் கொட்டினாற்போல, வெள்ளைத் திட்டுகள்.

அண்ணன் கீழே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மலைபோன்ற ஆள், அன்று அந்தச் சீட்டில் சின்னப்பிள்ளை மாதிரி தெரிந்தான்.

“இறங்குங்க” என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பசை மூலையைப் போய்ப் பார்த்தாள். ரப்பர் மூலையை விட்டு விலகி, குறுக்கு வழியில் போகிறவன் மாதிரி வளைவை வெட்டிக்கொண்டு நின்றது. பின்னால் விரல் நுழைகிற சந்து. வைத்த அன்று இறுக்கமாகக் கவ்வியிருந்தது ஒரு நாள் வெயிலில் பழைய நீளத்துக்கே சுருங்கியிருக்கிறது. இழுத்து வைத்திருக்கிறாள். தெருவில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். அளந்து விற்கிற ரப்பர், இழுத்தால் ஒரு முழம் மிச்சமாகும், பார்வைக்கும் நறுக்கென்று இருக்கும். அவளுடைய கை யாரையும் கேட்காமல் தானாக இழுத்துப் பழகியிருந்தது. சொந்த அண்ணன் வண்டிக்கும் மிச்சம் பிடித்திருக்கிறது, பாழாய்ப்போன கை.

“அண்ணி, தப்பு என்னுது. ரப்பரை இழுத்துட்டேன். இன்னொரு தடவை வெச்சுத் தரேன். இன்னும் ஒரே ஒரு ஓட்டம்.”

“உங்க அண்ணன் ஒரு ஓட்டத்துக்குத்தான் வாய்ச்சொல் குடுத்தாரு.”

“அவருக்கு வேணாம். அந்த ஓட்டத்தை எனக்குக் குடுங்க.”

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துப் பட்டறைக்குப் பின்னால், டயர் குவியலுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனாள்.

“தரேன். ஆனா சும்மா இல்ல, கடனா. நான் வந்து கேக்கற அன்னைக்கு, நீதான் அவரை அந்த சீட்லேர்ந்து இறக்கணும். நான் சொன்னா அது பொண்டாட்டி நச்சரிப்பு. நீ சொன்னா கேப்பாரு. ஏன், எதுக்குன்னு அன்னைக்கு நீ என்னைக் கேக்கக் கூடாது. வாதாடக் கூடாது.”

“சரி அண்ணி.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.” யோசிக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இந்தத் தடவை புது ரப்பர் வாங்கி வந்து வெயிலில் சுருளாகவே போட்டு, அதன் இஷ்டத்துக்கு நீளவிட்டாள். வலது கையை நம்பாமல், இடது கையால் ரப்பரைத் தூக்கிப் பிடிக்க மட்டும் செய்தாள். இழுக்கவில்லை. ஒவ்வொரு முழத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக் கொடுத்தாள், மூலையில் கூடுதலாகத் தள்ளினாள். சேர்க்கிற இடம் மேலே வந்தால் மழைத்தண்ணீர் இறங்கும் என்று கீழே கொண்டுவந்து சேர்த்தாள். கட்டைவிரல்கள் மாலைக்குள் மரத்துப்போயின. வலி எல்லை தாண்டி வேறு யாருடைய விரலோ மாதிரி ஆகிவிட்டன.

“என்னடி, ரப்பருக்கு ஊட்டி விடறியா?” என்றான் அண்ணன்.

“உன்னைவிட இது ஒழுங்கா சாப்பிடுது. நீ போ அந்தப் பக்கம்.”

பசை காய்ந்து, வெயில் பார்த்து, மூலைகள் அசையவில்லை என்று ஆன பிறகு வண்டியைக் கிளப்பினார்கள். இந்த முறை தானும் வருவதாகச் சொல்லி அவள் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டாள். அண்ணி புதிதாகத் துவைத்த குடைத்துணியை மறுபடி தைத்து முடித்துக் கீழே இறங்கினாள். பசை தன் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிகள் ஏற்றியாயிற்று. அண்ணன் தன் கதவை இழுத்தான். அது மூடவில்லை. மெத்தையில் மோதினாற்போலத் திரும்பி வந்தது. ஓங்கி இழுத்தான். மறுபடி திரும்பி வந்தது.

“ரப்பர் தடிமன் ஜாஸ்தியாயிடுச்சு. கொஞ்சம் சீவணும்” என்று வெளியிலிருந்து பஞ்சர்காரர் தீர்ப்புச் சொன்னார்.

பசைக்குத் திடீரென்று மயிர்க்கூச்செறிந்தது. “சீவறதா? மாமா, சும்மா இருங்க. அண்ணே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிட்டுச் சாத்து.”

விரல்கடை அளவு இறக்கினான். கதவைச் சாத்தினான். ‘தும்’ என்று ஒரு சத்தம்; கனமான புத்தகத்தை மூடினதுபோல. உட்கார்ந்துவிட்டது.

“காத்துண்ணே!” என்றாள் பசை. “உள்ள இருக்கற காத்து வெளிய போக வழியில்ல. அதான் கதவைத் தள்ளுது.” இத்தனை வருஷத் தொழிலில் எந்த வண்டியிலும் இப்படி நடந்ததில்லை. எல்லா வண்டியிலும் எங்காவது ஒரு சந்து இருக்கும், காற்று தன் பாட்டுக்குப் போய்விடும். இந்தப் பழைய இரும்பு மட்டும் காற்றையே பிடித்து வைத்துக்கொண்டது. அண்ணன் கண்ணாடியை ஏற்றினான். தெருவின் சத்தம் கத்தரித்தாற்போல நின்றது.

கிரஷர் ரோடு தூரத்திலேயே தெரியும். அந்த இடத்தில் வானத்துக்கு நிறம் இருக்காது. முன்னால் போன லாரி ஒரு வளைவில் மேகத்துக்குள் நுழைந்து மறைந்தது. அடுத்து இவர்கள் நுழைந்தார்கள்.

வெளிச்சம் பாலாக மாறியது. தூசி கண்ணாடியில் தண்ணீர்போல வழிந்து ஓடியது. நடுவில் சூரியன் ஒரு தேய்ந்த காசாகத் தெரிந்தது. மலையைத் தின்கிற இயந்திரத்தின் தாடைகள் அசைந்தன; பாறைகள் விழுந்தன; ஆட்கள் வெள்ளையாக, இமை முதற்கொண்டு வெள்ளையாக, வாயைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக் கத்தினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் அந்த ஆட்களில் ஒருத்தியாக அவளும் கல் சுமந்திருக்கிறாள். அந்த இரைச்சல் ராத்திரி தூக்கத்திலும் காதுக்குள் அரைக்கும். இன்று அதே இடத்தின் நடுவில், கண்ணாடிக் குடத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. மூக்கை இழுத்துப் பார்த்தாள். புது ரப்பர் வாசனை மட்டும். நாக்கைப் பல்லில் தேய்த்தாள். நறநறக்கவில்லை.

காதோரத்தில் ரப்பரைத் தொட்டாள். விரல் தடிமன். அந்தப் பக்கம் ஒரு மலை பொடியாகி வந்து மோதிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவளுடைய காது. நடுவில் இது, அவள் கையால் ஊட்டி ஊட்டி உட்கார வைத்தது, லேசாக நடுங்கிக்கொண்டு, விடாமல் நின்றது. அவள் செய்த வேலைதான். ஆனாலும் அதைத் தான் செய்ததாக அவளால் நம்ப முடியவில்லை.

அண்ணன் ஏதோ பெரிய மனுஷர் வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டவன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தான். லோடு ஏற்றினார்கள். வண்டி குலுங்கியது, உள்ளே ஒரு பொட்டுத் தூசி இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில். எங்கோ காற்று கசிகிறது.

தன் பக்கத்து ரப்பரில் காதை வைத்துக் கீழிருந்து மேல்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லை. விரலை எச்சிலில் நனைத்து மூலைமூலையாக வைத்துப் பார்த்தாள். இல்லை. அண்ணனின் மடியைத் தாண்டி எக்கி, அவன் பக்கத்துக் கதவில் காதை வைத்தாள்.

“என்னடி தேடற?”

“எங்கயோ விசிலடிக்குது. சந்து இருக்கு. உனக்குக் கேக்கல?”

அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். விசில் நின்றது.

மூச்சை விட்டான். விசில் மறுபடி கேட்டது.

“அது நான்தான்” என்றான்.

எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். பட்டறைச் சத்தத்திலும் இன்ஜின் சத்தத்திலும் ஒருநாளும் கேட்டதில்லை. உலகம் முழுவதையும் வெளியே நிறுத்திய பிறகு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சின்ன ஓட்டை வழியாக ஒரு பெரிய ஆள் உள்ளே வரவும் போகவும் பாடுபடுகிற சத்தம். கோடு கோடாக அவள் சுரண்டி எடுத்த எல்லாமே அங்கே இருந்தது. அதை எந்தப் பிளேடாலும் நெம்ப முடியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

பட்டறை வாசலில் அண்ணி கதவைத் திறந்தாள். கண்ணால் பார்த்தது போதாதென்று விரலை நனைத்துத் துணிமேல் இழுத்தாள். மூலைகளில் இழுத்தாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தம். ஊசி முனையால் தையலைப் பிரித்துத் துணியை உருவி மடித்துக்கொண்டாள்.

“வண்டி உங்களுது” என்றாள்.

அண்ணன் பஞ்சர்காரரை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து திறந்து சாத்திக் காட்ட ஆரம்பித்தான். “கேளுங்க, சத்தத்தைக் கேளுங்க. தும்! பாங்குப் பெட்டகம்கூட இப்படி மூடாது.”

பசை அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வண்டியில் வரும்போதே நினைத்திருந்தாள். முடியவில்லை.

“அண்ணி, உள்ள அவரு மூச்சு விடறது கேட்டுது. விசில் மாதிரி. நான் கதவுலதான் ஓட்டைன்னு தேடினேன்.”

“எனக்குத் தினமும் ராத்திரி கேக்குது” என்றாள் அண்ணி. “பக்கத்துலதானே படுத்திருக்கேன்.”

கதவு மறுபடி மூடியது. அண்ணனின் சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் அடங்கி மறுபடி சிரிப்பானது.

“அப்ப இன்னைக்கே கேட்டுடுங்களேன் அண்ணி. இறக்கிடறேன்.”

அண்ணி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு வேணாம். பாரு அந்த மூஞ்சிய.”

“எப்ப கேப்பீங்க?”

“கேக்கறப்ப கேப்பேன். நீ தயாரா இரு.”

அவள் மடித்த துணியைக் கூடையில் போட்டுக்கொண்டு தார்ப்பாய்க் கடையைப் பார்த்து நடந்தாள். பசை வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது: அண்ணி வந்து கேட்கிற நாளில், ஏன் என்று கேட்காமல், அண்ணனை அந்தச் சீட்டிலிருந்து அவள்தான் இறக்க வேண்டும்.